முதல் நாள் கிடந்த கோலம்

வாடா பேராண்டி, அந்தக் கற்பூர டப்பாவ நகத்திட்டு இப்பிடி குந்து. முதல்ல முதுகுல இருக்கிறத இறக்கு. இன்னாடா இது, பையா, இல்ல வூட்டையே காலி பண்ணிக்கினு வந்துட்டியா? சாமி கும்பிட வர்ற சனமெல்லாம் பெருமாள வுட்டுட்டு உன்னைப் பாக்குது. "ட்ரையல் பாக்குறேன் தாத்தா"ங்கிறியா? மாட்டிக்கினு கண்ணாடி முன்னால நிக்கிறது ட்ரையல் இல்லடா. எதிர்த்தாப்ல திருநீர்மலை இருக்குது, ஏறக்குறைய இருநூறு படி. ஒரு தரம் ஏறி இறங்கி வா, அப்பால பேசு. முடியாதா? சரி, குந்து.

பாங்காக் போறியாம். தேங்கா வாங்க வந்தப்பவே உங்கம்மா சொல்லிட்டா. தனியா போறியாம், கூட்டாளி கிடையாதாம், ஏஜெண்டு கிடையாதாம், முதுகு மூட்டை மட்டும்தானாம். சந்தோசம். கம்பெனியில கெஞ்சி லீவு வாங்கி, கார்டைத் தேச்சு, துட்டு குடுத்து கஷ்டப்படப் போற. எங்க காலத்துல கஷ்டம் அதுவா வூட்டுக்கு வந்துடும். அதுக்கு டிக்கெட் எடுத்தவன் எவனும் கிடையாது.

அந்த போன்ல முதல் நாள் ப்ளான்னு எழுதி வெச்சிருக்கியே, அதைப் படி கேப்போம். காலையில எட்டரைக்கு அரண்மனை. அதுக்குள்ளயே மரகத புத்தர். பக்கத்துல வாட் போ. ஆத்தைத் தாண்டி வாட் அருண். மத்தியானம் சட்டுசாக் சந்தை. சாயங்காலம் யாவோராட், சீனாக்காரங்க தெரு. ராத்திரி காவோ சான் ரோடு. இது முதல் நாளு! ரெண்டாவது நாளுக்கு இன்னா வெச்சிருக்க, ஆஸ்பத்திரியா? அந்த சட்டுசாக் பெரிய சந்தை சனி ஞாயித்துலதான் கூடும்டா. நீ இறங்குறது இன்னா கிழமைன்னு பாத்தியா? பல்லாவரம் சந்தை வெள்ளிக்கிழமைதான்னு இந்த ஊர்ல நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். அடுத்த ஊரு சந்தைக்கு மட்டும் கிழமை கிடையாதா?

இந்தக் கிழவனுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்னு முழிக்கிற. லைப்ரரியில ஃபேன் காத்து ஓசிடா. மத்தியானம் நடை சாத்தினா தேங்காக் கடைக்கு ஈ கூட வராது. அங்க போய் குந்திக்குவேன். கண்ணு சொக்கும், லைப்ரரி அம்மா தூங்க வுடாது. வேற வழியில்லாம படிச்சேன். நீ பாங்காக் போறன்னு தெரிஞ்சதிலேருந்து அந்த ஊரு அலமாரிய தூசி தட்டிக்கினு இருக்கேன்.

படிச்சத வுடு, பாத்ததச் சொல்றேன். நீ அங்க போய் படப்போற பாட்டை நான் இங்க குந்திக்கினே பாத்தாச்சு. மலை உச்சியில நின்னா மீனம்பாக்கத்துல பிளேன் இறங்குறது நல்லாத் தெரியும். சீமையிலேருந்து வர்றதுங்க பெரும்பாலும் நடுராத்திரிக்கு மேலதான் வந்து இறங்கும். லாட்ஜுக்காரன் மத்தியானத்துக்கு முன்னால ரூம் குடுக்க மாட்டான். நடுவுல இருக்கிற நேரத்துல அந்தப் புள்ளைங்க இன்னா பண்ணும்? ஊரை அளக்கக் கிளம்பிடும். மேல இருக்கிற உலகளந்த பெருமாள் மூணே அடியில வேலைய முடிச்சுட்டாரு. இதுங்க மூணு லட்சம் அடி வெச்சாலும் முடியறதில்ல.

அப்பிடித்தான் கத்திரி வெயில்ல ஒருத்தன் வந்தான். முதுகுல ஒரு மூட்டை, வவுத்துல ஒரு மூட்டை, நடுவுல அவன் எங்கன்னு தேடித்தான் கண்டுபிடிக்கணும். விடிகாலையில இறங்கினவன் டாக்ஸிக்காரங்களுக்கெல்லாம் தலையாட்டிட்டு, ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டி திரிசூலம் ஸ்டேஷனுக்கு நடந்தே வந்திருக்கான். அது கெட்டிக்காரத்தனம், ஒத்துக்கிறேன். 1931-லேருந்து கரண்டு ரயில் ஓடுற பாதை, அஞ்சு ரூபா டிக்கெட்டு. அதோட நிறுத்தியிருந்தா பரவால்ல. அவன் ப்ளானைக் கேளு. காலையில ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல இருக்கிற நம்ம மலை. அப்பால கோட்டை, எழும்பூர் மியூசியம், சாந்தோம், மயிலாப்பூர், மெரினா. ராத்திரிக்குள்ள மகாபலிபுரம். அன்னிக்கு வெள்ளிக்கிழமை. எழும்பூர் மியூசியம் வெள்ளிக்கிழமை லீவு, கோட்டைக்குள்ள இருக்கிற மியூசியமும் லீவு. வெள்ளிக்கிழமைக்குன்னு இந்தப் பக்கம் இருக்கிறது பல்லாவரம் சந்தை ஒண்ணுதான், அது அவன் லிஸ்டுலயே இல்ல.

அங்கங்க சுத்தி, வழி கேட்டு, பல்லாவரத்துல ஷேர் ஆட்டோ புடிச்சு இங்க வந்து சேர்றப்போ மணி பன்னண்டரை. வழி கேட்ட கதைய அவன் மூஞ்சியே சொல்லுச்சு. நம்ம சனத்துக்கு "தெரியாது"ன்னு சொல்ல வாய் வராதே. கேட்டா கை எந்தப் பக்கம் இருக்குதோ அந்தப் பக்கம் நீட்டி, "தோ, இங்கதான், பக்கம்தான்" அப்பிடீம்பான். தலைய வேற ஆட்டுவான். ஆமாவா இல்லையான்னு அவன் பொண்டாட்டிக்கே தெரியாது, வெள்ளைக்காரனுக்கு எங்க தெரியும்?

வந்தவன்கிட்ட நான் இங்கிலீசுலயே சொன்னேன்: "டெம்பிள் க்ளோஸ். ஃபோர் ஓ க்ளாக் ஓப்பன்." அவன் என்னை மேலயும் கீழயும் பாத்தான் பாரு, ஒரு பார்வை! ஏன்னா ஆசியா பக்கம் கிளம்புறவனுக்கு அவங்க புஸ்தகம் சொல்லிக் குடுக்கிற முதல் பாடமே அதுதான். கோயில் சாத்திட்டாங்க, லாட்ஜ் மூடிட்டாங்கன்னு எவனாவது வாயத் தொறந்தா அவன் உன்னை வேற எங்கயோ தள்ளிக்கினு போகப் பாக்குறான், நம்பாத. நான் எங்கடா தள்ளிக்கினு போவேன்? இந்த முக்காலியத் தாண்டி எனக்கே போக்கிடம் கிடையாது. சிரிச்சுக்கினே ஒரு தாங்க்யூ சொல்லிட்டு, செருப்பக் கழட்டி மூட்டையில கட்டிக்கினு படியேறிட்டான். என்கிட்ட வுட மாட்டானாம், நான் வித்துடுவேனாம். கத்திரி வெயில், கருங்கல் படி, மணி பன்னண்டே முக்கால். அன்னிக்கு நம்ம திருநீர்மலையில நடந்த நாட்டியத்துக்கு டிக்கெட் போட்டிருந்தா கோயிலுக்கு ஒரு வருச வருமானம் வந்திருக்கும்.

இறங்கி வந்ததும் குடத்துத் தண்ணிய கால்ல ஊத்தினேன். நீர்மோர் குடுத்தேன். அதையும் சந்தேகமா பாத்தான். அந்த சந்தேகம் தப்பில்ல, புதுசா வந்த வயிறு. நான் பாதி குடிச்சுக் காட்டின அப்பால மீதிய ஒரே மடக்குல முடிச்சான். மண்டபத்துல மூட்டையத் தலைக்கு வெச்சு சாஞ்சவன்தான், நாலு மணிக்கு நடை தொறக்கிற மணி அடிச்சப்போதான் எழுந்தான். அதுக்கு அப்பால பாத்தா வேற ஆளு. நிதானமா மேல போனான், ரங்கநாதரைப் பாத்தான், நரசிம்மரைப் பாத்தான், காத்து வாங்கினான், இறங்கி வந்து என்கிட்ட தேங்கா இன்னா வெலைன்னு கேட்டான். நான் நிசமான வெலைதான் சொன்னேன். இன்னாடா சிரிக்கிற? சொன்னேன்டா.

இதுல உனக்கு இன்னா இருக்குதுன்னா, இங்க நான் "சாத்திட்டாங்க"ன்னு சொன்னது நெசம், அவன் நம்பல. அங்க உன்கிட்ட ஒருத்தன் "சாத்திட்டாங்க"ன்னு சொல்லப் போறான், அது பொய், நீ நம்பிடுவ. அரண்மனை வாசல் பக்கம் நல்லா சட்டை போட்டவன், பதவிசாப் பேசுறவன் வருவான். "இன்னிக்கு அரண்மனை லீவு சார், ஏதோ பூஜை, அதுக்குள்ள இந்த டுக்டுக் வண்டியில ஏறு, இருபது பாட்டு காசுல நாலு கோயில் காட்டுறான்" அப்பிடீம்பான். நாலாவது கோயில் கல்லு விக்கிற கடையா இருக்கும். நீலக்கல்லு, சிவப்புக்கல்லு, உங்க ஊர்ல வித்தா ரெட்டிப்பு வெலைன்னு சொல்லுவான். உலகம் பூரா பேர் போன ஏமாத்து இது. அரண்மனை பொதுவா தினமும் காலையில எட்டரைக்குத் தொறக்கும். லீவா இல்லையான்னு வாசல்ல நின்னு வாசல்காரனைக் கேளு, வண்டிக்காரனைக் கேக்காத. அரை டவுசரோட போனா மட்டும் வாசல்காரனே நெசமா திருப்பி அனுப்பிடுவான். முட்டி தெரியறத மாட்டிக்கினு அந்தக் கோயிலுக்குள்ள போக முடியாது. அந்தக் கிழிஞ்ச ஜீன்ஸையும் இங்கயே வுட்டுட்டுப் போ. துட்டு குடுத்து கிழிச்சதுன்னு அவனுக்கு எங்க தெரியும்?

டாக்ஸின்னா மீட்டர் போடச் சொல்லு, 35 பாட்டுல ஆரம்பிக்கும். போட மாட்டேன்னா இறங்கி அடுத்த வண்டியப் பாரு. நீ சொல்லுவ, நம்ம ஊர்ல மீட்டர் போடுறானான்னு. 2013-ல கவருமெண்டு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபா, அப்பால கிலோமீட்டருக்கு 12 ரூபான்னு கட்டினாங்க. அந்த ரேட்டுக்கு வர்ற ஆட்டோவ நீ பாத்தா எனக்கும் காட்டு, கும்பிட்டுக்கிறேன். அவனைக் குத்தம் சொல்லவும் வாய் வரல, அதுக்கு அப்பால பெட்ரோல் ஏறின ஏத்தம் அப்பிடி. ஆனா உள்ளூர்க்காரன்கிட்ட ஏமாறுறது உறவு, வெளியூர்ல ஏமாறுறது நஷ்டம்.

இப்ப மூட்டைக்கு வருவோம். தொறந்து காட்டு. அடேங்கப்பா. இன்னாத்துக்குடா அஞ்சு பேண்ட்டு, உனக்கு இருக்கிறது ரெண்டு காலுதானே? இது இன்னா, பல்லு வெளக்க ரெண்டு பிரஷ்ஷா? கேளு, 1863 மே 30-ஆம் தேதி பல்லாவரத்துல புரூஸ் ஃபூட்டுன்னு ஒரு வெள்ளைக்காரன், பூமி ஆராய்ச்சி இலாகாவுல வேலை செஞ்சவன், தரையிலேருந்து ஒரு கல்லை எடுத்தான். ஆதி மனுசன் செதுக்கின கோடாரிக் கல்லு. இந்தியாவுல பழைய கற்கால ஆராய்ச்சியே அங்கதான் ஆரம்பிச்சுதுன்னு எழுதி வெச்சிருக்காங்க. நம்ம மலையிலேருந்து எட்டிப் பாத்தா தெரியற தூரம். அந்தக் கல்லைச் செதுக்கினவன் எங்கெல்லாமோ சுத்தினவன்தான், அவன் சாமான் அந்தக் கல்லு. வெட்ட, கிழிக்க, தோண்ட, மெரட்ட எல்லாத்துக்கும் அது ஒண்ணு. உனக்கு போன் சார்ஜ் பண்ண மட்டும் மூணு வயரு.

யுவான் சுவாங்கைப் பள்ளிக்கூடத்துல படிச்சிருப்ப, மறந்திருப்ப. படத்துல முதுகுல மூங்கில் சட்டத்துல மூட்டையக் கட்டிக்கினு நிப்பாரு. அவர்தான்டா உங்க கூட்டத்துக்கெல்லாம் குலதெய்வம். சீனாவுலேருந்து கிளம்பி திரும்பிப் போய்ச் சேர பதினாறு வருசம், 645-லதான் ஊர் திரும்பினாரு. நடுவுல 640 வாக்குல நம்ம காஞ்சிபுரத்துக்கு வந்தாரு. அங்கேருந்து இலங்கைக்குப் போகணும்னு அவருக்கு ஆசை. காஞ்சியில இருந்த இலங்கைச் சாமியாருங்க, "ராசா செத்துட்டாரு, பஞ்சம் வேற, இப்ப போகாதீங்க"ன்னு சொன்னாங்க. அவரு என் வெள்ளைக்காரன் பண்ணின வேலைய பண்ணல. சொன்னது யாரு, அவனுக்கு இதுல லாபம் உண்டான்னு பாத்திருப்பாரு. இலங்கைய வுட்டுட்டு வேற வழியில திரும்பிட்டாரு. ஊருக்குப் போகும்போது 657 நூலை குதிரை மேல ஏத்திக்கினு போனாரு. குதிரைங்க சுமந்துது, கவனி. அவரு முதுகுல இல்ல.

உங்கம்மா அதுக்கு மேல பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், முறுக்கு, ஒரு பாட்டில் ஊறுகாய் எல்லாம் குடுப்பா. வேணாம்னு சொல்லாத, மனசு ஒடிஞ்சுடும். வாங்கிக்கோ. ஆனா புளிக்காய்ச்சலையும் ஊறுகாயையும் கையில வெச்சிருக்கிற பையில போட்டின்னா செக்கிங்ல எடுத்து ஓரமா வெச்சுடுவாங்க, 100 மில்லிக்கு மேல கொழகொழன்னு எதையும் உள்ள வுட மாட்டாங்க. கொப்பரைய மறந்தும் எடுத்துக்காத. எண்ணெய் இருக்கிறதால தீப்புடிக்கும்னு பிளேன்ல தடை. தேங்காக் கடைக்காரன் நானே சொல்றேன், அதுக்கு மேல சாட்சி வேணுமா?

துட்டு விசயம். இங்க நீ என் கடை தொட்டு டீக்கடை வரைக்கும் அந்தக் கட்டம் போட்ட அட்டைக்கு போனைக் காட்டிட்டுப் போயிடுற. உன் பாக்கெட்டுல சில்லறை கிலுங்கி எத்தினி வருசமாச்சு? அன்னிக்கு அந்த வெள்ளைக்காரன் ஏ.டி.எம்.ல எடுத்த ஐந்நூறு ரூபா நோட்டை வெச்சிக்கினு இளநீ குடிக்க முடியாம நின்னான். இளநீ வண்டியில அட்டை தொங்குது, அந்த அட்டைக்கு அவன் போன் செல்லாது. கடைக்காரன்கிட்ட சில்லறை இல்ல. எதிர எரிக்கிற வெயில், கண்ணு முன்னால இளநீ, கையில துட்டு, ஆனா தாகம் தீரல. நாளைக்கு அதே இடத்துல நீ நிப்ப. அங்கயும் எல்லாக் கடையிலயும் அட்டை தொங்கும், அது அந்த ஊரு பேங்குல கணக்கு இருக்கிறவனுக்கு. ஏ.டி.எம்.ல வெளிநாட்டுக் கார்டைச் சொருகினா ஒரு தரத்துக்கு 200 பாட்டுக்கு மேல கூலி புடிப்பான். அதனால தம்மாத்துண்டா பத்து தரம் எடுக்காத, ஒரே தரமா எடு. எடுத்ததும் ஏதாவது பெரிய கடையில தண்ணி பாட்டில் வாங்கி நோட்டை உடைச்சுக்கோ.

நீ கவுச்சி சாப்பிட மாட்டன்னு உங்கம்மா நெனைச்சுக்கினு இருக்கா. நெனைச்சுக்கினே இருக்கட்டும். ஒருவேளை நெசமாவே வேணாம்னா மஞ்சக் கொடியில சிவப்பா ஒரு எழுத்து போட்டிருப்பான், அதை "ஜே"ன்னு படிக்கணும். அந்தக் கடையில மீனு, முட்டை, வெங்காயம், பூண்டு எதுவும் இருக்காது. நம்ம மடப்பள்ளி ஐயரு கூட குறை சொல்ல முடியாது. மத்த கடையில "வெஜிடபிள்"னு சொன்னா காய் போட்டுக் குடுப்பான், மீன் சாறும் ஊத்தித்தான் குடுப்பான்.

வாய் விசயம் ஒண்ணு. இங்க டீக்கடை பெஞ்சுல குந்திக்கினு முதலமைச்சரு, பிரதம மந்திரி, கவுன்சிலரு எல்லாரையும் வறுத்து எடுக்கிற. அந்தப் பழக்கத்துல அந்த ஊரு ராசாவைப் பத்தி ஒரு வார்த்தை வுட்டுடாத. மூணு வருசத்துலேருந்து பதினஞ்சு வருசம் வரைக்கும் உள்ள தள்ளுற சட்டம் இருக்குது. அங்க வருசமே 543 கூட. 2025-ஐ 2568-ன்னு எழுதுவாங்க. கணக்குல தண்டனை முடிஞ்சிருச்சுன்னு யாரும் வுட மாட்டாங்க.

ஆனா ஒண்ணு, நீ நெனைக்கிற அளவுக்கு அது அந்நிய ஊரு இல்லடா. சுவர்ணபூமின்னுதான் ஏர்போர்ட்டுக்கே பேரு. உள்ள போனா தேவருங்களும் அசுரருங்களும் பாம்பைப் புடிச்சு பாற்கடலைக் கடையுற சிலை நீளத்துக்கு நிக்குது, நடுவுல நம்ம பெருமாளு. நம்ம ஊர்ல க்ஷீர புஷ்கரணின்னு பாற்கடல் பேருல ஒரு தீர்த்தம் சொல்றோம், அங்க பாற்கடலையே ஏர்போர்ட்டுக்குள்ள கொண்டாந்து வெச்சிருக்கான். மரகத புத்தர் கோயில் சுத்துச் சுவத்துல 178 படத்துல ராமாயணம். சீலோம் ரோட்டுல நம்ம தமிழ்க்காரங்க கட்டின மாரியம்மன் கோயில், 1870-கள்லயே வந்தது. அதெல்லாம் வுடு, அந்த ஊரு அரண்மனையில பூஜை பண்ற பிராமணருங்க மார்கழி தை வாக்குல பண்ற விழாவுக்குப் பேரே நம்ம திருவெம்பாவை, திருப்பாவையிலேருந்து வந்ததுதான். உனக்கு திருப்பாவையில எத்தினி பாட்டுன்னாவது தெரியுமா? தெரியாது. சரி, போய் அவனைக் கேட்டுக்கினு வா.

இப்ப விசயத்துக்கு வர்றேன். உனக்கு ராத்திரி பன்னண்டு நாப்பதுக்கு பிளேன். மூணரை மணி நேரம் பறக்கும். அங்க மணி நம்மள விட ஒன்றரை கூட. ஆக நீ இறங்கும்போது ஏறக்குறைய ஆறு மணி, விடியற நேரம். நீ தூங்கியிருக்க மாட்ட, பக்கத்து சீட்டுக்காரன் குறட்டை வுட்டிருப்பான். பாஸ்போர்ட்ல முத்திரை வாங்கி, சிம் வாங்கி, துட்டு மாத்தி, ரயிலு புடிச்சு ஊருக்குள்ள போனா ஒம்போது. லாட்ஜுல ரெண்டு மணிக்குத்தான் ரூமு. அப்போ நீ அந்த ப்ளானைக் கையில எடுப்ப, அரண்மனைக்குக் கிளம்புவ. தூக்கம் இல்லாதவனுக்கு கோவம் முன்னால வரும், கணக்கு பின்னால வரும். அந்த நல்லா சட்டை போட்டவன் உனக்காகத்தான் வாசல்ல நின்னுக்கினு இருப்பான்.

அதனால முந்தின ராத்திரிக்கும் சேத்து ரூம் போடு. ஆயிரமோ ஆயிரத்தி ஐந்நூறோ கூட ஆகும், அது தூக்கத்துக்குக் குடுக்கிற காசு இல்ல, ஏமாறாம இருக்கிறதுக்குக் குடுக்கிற காசு. போனதும் படு. வூட்டுல ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் போர்த்திக்கினு படுத்திருக்கியே, அந்தத் திறமைய அங்க காட்டு.

"அஞ்சு நாள்தான் தாத்தா, ஒரு நாளு படுத்தே போயிடுமே"ங்கிறியா? திருமங்கை ஆழ்வார் நம்ம ஊருக்கு வந்தப்போ மலையச் சுத்தி ஒரே தண்ணி, ஏற முடியல. இந்த வருசம் முடிஞ்சா அடுத்த வருசம் லீவு கிடைக்காதுன்னு அவரு நீந்திக்கினு போகல. பக்கத்துலயே தங்கி, தண்ணி வடியற வரைக்கும் ஆறு மாசம் காத்திருந்து பாடிட்டுப் போனாருன்னு சொல்லுவாங்க. அந்தத் தண்ணியாலதான் ஊருக்கே நீர்மலைன்னு பேரு. இப்ப நாம கேன் தண்ணிக்கு போன் போட்டுக்கினு இருக்கோம், அது வேற கதை. ஆறு மாசம் காத்திருந்தவரு ஊருல பொறந்துட்டு ஆறு மணி நேரம் படுக்க மாட்டியா?

இன்னொண்ணு கேளு, இதைப் படிச்சப்போதான் நான் லைப்ரரியில நெசமாவே முழிச்சுக்கினேன். நம்ம கோயில் விசேசம் இன்னா? பெருமாளு நாலு கோலத்துல இருக்காரு. கீழ நீர்வண்ணரு நின்ன கோலம். மேல நரசிம்மரு உக்காந்த கோலம், ரங்கநாதரு கிடந்த கோலம், உலகளந்தவரு நடந்த கோலம். ஒரே ஊர்ல நாலும் பாக்கலாம்னு சனம் வருது. அந்த ஊர்ல புத்தருக்கும் அதே நாலு நிலைதானாம்டா. நிக்கிறது, உக்காருறது, படுக்கிறது, நடக்கிறது, அதைத் தாண்டி சிலை வடிக்கிறதில்லையாம். நடக்கிற புத்தருக்கு சுகோதாய் காலத்துச் சிலைங்கதான் பேர் போனது. படுத்திருக்கிறவரு உன் லிஸ்டுலயே இருக்காரு, வாட் போவுல, 46 மீட்டர் நீளம், தங்க ரேக்கு. அதே கோயில்லதான் காலு அமுக்கி வுடற பள்ளிக்கூடமும் இருக்குது. அந்த அமுக்கற வித்தைய 2019-ல யுனெஸ்கோக்காரங்களே பட்டியல்ல சேத்துட்டாங்க. நடந்து நடந்து வந்தவன் காலுக்கு மருந்து படுத்தவரு பக்கத்துல இருக்குதுன்னா, அந்த ஊரு பெரியவங்க சும்மாவா வெச்சிருப்பாங்க?

நம்ம மலைமேல மூலவரு யாரு? படுத்திருக்கிறவருதானே? அதே வரிசையில நீயும் பண்ணு. காலையில கிடந்த கோலம். ரெண்டு மணிக்கு எழுந்து குளிச்சுட்டு லாட்ஜு வாசல்ல ஒரு நாற்காலியப் போட்டு இருந்த கோலம். எவன் எந்தப் பக்கம் போறான், எந்தக் கடையில உள்ளூர்க்காரன் சாப்புடுறான், வண்டிக்காரன்கிட்ட எவ்ளோ குடுக்கிறான்னு பாரு. ஒரு மணி நேரம் பாத்தா புஸ்தகத்துல இல்லாததெல்லாம் தெரியும். சாயங்காலம் தெருமுனை வரைக்கும் போய் நின்ன கோலம். அங்க ஏதாவது வாங்கி நின்னுக்கினே சாப்பிடு. திரும்பி வந்து மறுபடி கிடந்த கோலம். நடந்த கோலம் ரெண்டாவது நாள் வெச்சுக்கோ, அரண்மனை எங்கயும் ஓடிடாது, 1782-லேருந்து அங்கதான் இருக்குது.

அப்பால அந்த வருகைக் கார்டை கம்ப்யூட்டர்ல நிரப்பிட்டியா? 2025 மே மாசத்துலேருந்து அதைக் கட்டாயம் பண்ணிட்டாங்க. இறங்குறதுக்கு முன்னால மூணு நாளைக்குள்ள நிரப்பணும். கவருமெண்டு சைட்டுல ஓசி. எவனாவது அதுக்கு துட்டு கேட்டா அவனும் கல்லுக்கடைக்காரனுக்குச் சொந்தக்காரன்தான். எனக்கு ஒண்ணும் வாங்கிக்கினு வர வேணாம். ரொம்ப ஆசைப்பட்டா மூக்குல உறிஞ்சுற தைலக் குச்சி ரெண்டு வாங்கிக்கோ. கோடாலித் தைலம் வேணாம், அது பர்மா பஜார்லயே கிடைக்குது.

எங்க, அந்த டிக்கெட்டைக் குடு பாப்போம். கண்ணாடிய எடு. சரியாத்தான் இருக்குது, பன்னண்டு நாப்பது. தேதி 26. நீ இன்னாடா நாளைக்கு ராத்திரி கிளம்புறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியற? ராத்திரி பன்னண்டு அடிச்சா தேதி மாறிடும்டா கண்ணு. 26-ஆம் தேதி பன்னண்டு நாப்பது பிளேனுக்கு 25-ஆம் தேதி ராத்திரி ஒம்போதரைக்கே மீனம்பாக்கத்துல இருக்கணும். இன்னிக்குத்தான் 25. மணி ஆறு ஆவுது, எழுந்து ஓடு.